பட்டாயாவில் ஒரு வெள்ளிக்கிழமை

முதலில் ஒரு கால்தான் தெரிந்தது.

மீதி உடம்பு, பாதி பெயின்ட் அடித்த ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் கிடந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. அபுதாபியை ஒட்டிய முசஃபா. வெள்ளிக்கிழமை முழுக்கப் பூட்டிக் கிடந்த கராஜை அப்போதுதான் திறந்திருந்தார்கள்.

"நாகலிங்கண்ணே... எந்திரிங்கண்ணே! இங்க வந்தா படுப்பீங்க?"

பெயின்டர் ராமையா குனிந்தான்.

முதலாளி நாகலிங்கத்தின் பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு வீல் ஸ்பேனர்... நுனியில் காய்ந்த ரத்தம்!

ராமையா போட்ட அலறலில் எதிர் டயர் கடைக்காரன் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே போட்டான்.

* * *

போலீஸ் மூன்றே மணி நேரத்தில் ஆளைப் பிடித்துவிட்டது.

வெல்டர் கார்மேகம். முதுகுளத்தூர்ப் பக்கம். வயது முப்பத்திரண்டு. வாயைத் திறந்தால் வம்பு.

ஸ்பேனரில் இருந்தது அவன் கைரேகை. வியாழக்கிழமை சாயங்காலம், எட்டுப் பேர் பார்க்க, அதே ஸ்பேனரை ஆட்டிக்கொண்டு அவன் கத்தியிருந்தான்.

"பொறந்த புள்ளையப் பாக்க லீவு கேட்டா இழுத்தடிக்கிறியா? ஒரு நாளைக்கு இது உன் மண்டையில எறங்கும்யா!"

மறுநாளே இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். ஊரே ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கிற நேரம். முசஃபா தெருக்களில் ஒரு பூனைகூட நடமாடாது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கார்மேகத்தைக் கேஸ் கட்டோடு அரசு வக்கீல் ஆபீசுக்கு ஏற்றுவதாக ஏற்பாடு. கொலைக் கேஸ். ஏறிவிட்டால் இறங்குவது லேசில்லை.

* * *

ஞாயிறு காலை பத்து மணி. போலீஸ் ஸ்டேஷன்.

கேப்டன் ராஷித்துக்குத் தமிழ் தெரியாது. கார்மேகத்துக்கு அரபி தெரியாது. ஸ்டேஷன் மொழிபெயர்ப்பாளர் லீவில் இருந்தார்.

அதனால்தான் முகம்மது சித்தீக் வந்திருந்தார்.

கீழக்கரைக்காரர். நாற்பத்தெட்டு வயது. கராஜிலிருந்து இரண்டு தெரு தள்ளி மளிகைக் கடை. இருபத்திரண்டு வருஷ அரபி, தண்ணீர் மாதிரி ஓடும். நெற்றியில் தொழுகைத் தழும்பு. 'ஹாஜியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதையைச் சித்தீக் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையாகப் போட்டுக்கொண்டு திரிந்தார். கழற்றச் சொன்னால் உயிர் போய்விடும்!

மொழிபெயர்ப்புக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட இன்னொருவர் வேண்டும். அதற்கு மைத்துனன் சாகிரைக் கூட்டி வந்திருந்தார். சாகிர் பேனாவோடு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

கதவு திறந்தது.

விலங்கு போட்ட கையோடு வந்த கார்மேகம், சித்தீக்கைப் பார்த்ததும் நின்றான்.

"இந்தாளா? இந்தாளு என் பேச்சைப் பேசுனா நான் செத்தேன்!"

"என்ன சொல்றான்?" என்றார் கேப்டன் அரபியில்.

"என்னைப் பிடிக்கலைங்கறான்" என்றார் சித்தீக்.

பொய்யில்லை. சித்தீக்குக்கும் அவனைப் பிடிக்காது!

நாலு மாதம் முன்பு. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு. சித்தீக் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார். கார்மேகம் ஓடி வந்தான்.

"பாய்! பொண்டாட்டியப் பிரசவத்துக்குச் சேத்துருக்கு. ஒரு போன் கார்டு குடுங்க பாய்!"

"ஜும்ஆ நேரம். தொழுதுட்டு வந்து தர்றேன்."

"ஒரு நிமிஷம் பாய்! கையை நீட்டுனா எடுத்துறலாம்!"

மீதி ஷட்டரும் இறங்கியது.

கார்மேகம் உதைத்த உதையில் அந்த ஷட்டர் நெளிந்தது. இன்றைக்கும் நெளிவு அப்படியே இருக்கிறது. இறக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு 'கிரீச்' என்று கத்தும். தெருவில் எல்லோர் முன்னாலும் அவன் 'வேஷக்காரா' என்று கத்தியதும் சித்தீக்கின் காதில் அப்படியே இருக்கிறது.

"வெள்ளிக்கிழமை பகல்ல நீ எங்க இருந்தேன்னு கேக்குறார்" என்றார் சித்தீக் விறைப்பாக.

"ரூம்ல படுத்துருந்தேன்."

"யார் பாத்தது?"

"ஃபேன் பாத்துச்சு. கூப்புட்டு விசாரிக்கச் சொல்லு."

"திமிராப் பேசாதப்பா. உனக்குத்தான் கேடு."

"உனக்கு நல்லதுதானே? சிரிச்சுக்க!"

"அறையில தனியா இருந்தானாம். யாரும் பாக்கலயாம்" என்று அரபியில் முடித்தார் சித்தீக்.

கேப்டன் எழுதிக்கொண்டார். கார்மேகத்தை இழுத்துப் போனார்கள். வாசலில் அவன் திரும்பினான்.

"பாய்... நான் கொல்லலைன்னு சொன்னதைச் சொன்னியா?"

"நீ அப்படிச் சொல்லவே இல்லையே!"

கார்மேகம் ஒரு விநாடி திகைத்தான். கோபத்தில் அதைச் சொல்ல மறந்தே போயிருந்தான்.

"இப்ப சொல்றேன். நான் கொல்லல. எம்புள்ள மேல சத்தியம்... இன்னும் அது முகத்தைக்கூட நான் பாக்கல!"

சித்தீக் அதையும் மொழிபெயர்த்தார். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

* * *

அடுத்து வந்தவன் சென்ட் மணத்தோடு வந்தான்.

விஜயபாஸ்கர். கராஜில் நாகலிங்கத்துக்குக் கூட்டாளி. முழுக்கைச் சட்டை. கையில் ஒரு போட்டோ ஆல்பம்.

"பதினஞ்சு வருஷப் பழக்கம் சார். அவரை இப்படி..." என்று கண்ணைத் துடைத்தான். கைக்குட்டை நனையவில்லை.

"சும்மா வழக்கமான விசாரணைதான்னு சொல்லு. வெள்ளிக்கிழமை எங்க இருந்தான்?" என்றார் கேப்டன்.

"தாய்லாந்துல சார். பட்டாயா. புதன்கிழமை ராத்திரி கெளம்புனேன். சனிக்கிழமை மத்தியானம்தான் வந்தேன். ஏர்போர்ட்ல எறங்குனதுமே போன்ல சொன்னாங்க. அப்பிடியே ஒடிஞ்சு போயிட்டேன்..."

பாஸ்போர்ட்டை நீட்டினான். பாங்காக் முத்திரை, போனது வந்தது இரண்டும் பளிச்சென்று இருந்தன.

ஆல்பத்தையும் விரித்தான்.

"வெள்ளிக்கிழமை பூராவும் ஊர் சுத்தல்தான் சார். பாருங்க, இது காலைல. மலை மேல பெரிய புத்தர் செலை. இது படகுல பவளத் தீவு. தண்ணி கண்ணாடி கணக்கா இருக்கும் சார். இது பாராசூட்... படகு இழுக்கும், நாம ஆகாசத்துல தொங்கணும்!"

எல்லாப் படத்திலும் ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே அதே மூக்கு, அதே மீசை. பாராசூட் படத்தில் மட்டும் சட்டையில்லாத முதுகு. நீலக் கடல், சிவப்புப் பாராசூட், நடுவில் பளபளவென்று ஒரு முதுகு.

"இது சாயங்காலம். தோட்டத்துல யானைங்க கால்பந்து ஆடுச்சு சார்!"

கேப்டன் பக்கங்களைப் புரட்டினார். மறுபடி புரட்டினார்.

"காலையில மலை. அப்புறம் தீவு. அதுக்கப்புறம் நேரா சாயங்காலம் யானை. மத்தியானம் ஒரு படம்கூட இல்லையே... என்ன பண்ணினான்னு கேளு."

சித்தீக் கேட்டார்.

விஜயபாஸ்கர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தான். ஒரே ஒரு மிடறுதான்.

"அது... தீவுலேருந்து பன்னெண்டு மணிக்குத் திரும்பிட்டேன் சார். கைல இருந்த திர்ஹமை மாத்தணும், பொருள் நாலு வாங்கணும்னு கடைத்தெருவுக்குப் போனா... வெள்ளிக்கிழமையாச்சா, அத்தனை பேரும் ஷட்டரை எறக்கிட்டான்! நாலு மணிக்குத்தான் தொறந்தாங்க. அதுவரைக்கும் கடற்கரையில குடைக்குக் கீழ படுத்துக் கெடந்தேன். போட்டோ எடுக்கத் தோணல."

மூலையில் சாகிர் ஏனோ நிமிர்ந்து பார்த்தான்.

சித்தீக் அரபியில் ஆரம்பித்தார்.

"பன்னிரண்டு மணிக்குக் கடைத்தெருவுக்குப் போனானாம். வெள்ளிக்கிழமை என்கிறதால..."

நாக்கு நின்றுவிட்டது!

"என்ன?" என்றார் கேப்டன்.

"ஒண்ணுமில்ல சார். வெள்ளிக்கிழமை என்கிறதால கடையெல்லாம் மூடியிருந்ததாம்."

கேப்டன் தலையை ஆட்டினார். பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை மூடிய ஷட்டர்களையே பார்த்து வளர்ந்தவர். அவருக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. எழுதிக்கொண்டார்.

"கலாஸ், முடிஞ்சது. கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்லு. வெல்டரை வண்டியில ஏத்தச் சொல்றேன்."

மணி பதினொன்றரை.

* * *

சித்தீக்கின் முதுகில் வேர்வை ஊறியது. அறையில் ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது!

விஷயம் இதுதான். பட்டாயாவில் வெள்ளிக்கிழமை எந்தக் கடையும் மூடாது. அது அங்கே செவ்வாய், புதன் மாதிரி இன்னொரு நாள். பணம் மாற்றும் கடை ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும். ஷட்டர் என்ற ஒன்று அந்தத் தெருவில் இருக்கிறதா என்பதே சந்தேகம்!

அது சித்தீக்குக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அதே தெருவில் பூப்போட்ட சட்டையோடு ஹாஜியார் நடந்துகொண்டிருந்தார் என்பதால்!

துபாய் தேரா வியாபாரிகள் இரண்டு பேர் இழுத்தார்கள். போனார். ஊரில் மனைவி ஜுலைஹா பீவியிடம் 'மஸ்கட்டுக்குச் சரக்கு எடுக்கப் போறேன்' என்றார். அங்கே வாங்கிய முத்துமாலையை 'மஸ்கட் முத்து' என்று அனுப்பிவைத்தார். இன்றைக்கும் அவள் கல்யாண வீடுகளுக்கு அதைப் போட்டுக்கொண்டு போகிறாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஜும்ஆ தவறவிட்டது அந்த ஒரே வெள்ளிதான். அந்த வெட்கம் இன்னும் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

இப்போது வாயைத் திறந்தால்?

பக்கத்தில் சாகிர். ஜுலைஹாவின் சொந்தத் தம்பி! சாயங்காலத்துக்குள் கீழக்கரை முழுக்கத் தெரிந்துவிடும். ஹாஜியார் என்ற சட்டை கிழிந்து தொங்கும்.

யாருக்காக? ஷட்டரை உதைத்தவனுக்காகவா? வேஷக்காரன் என்றவனுக்காகவா?

பேசாமல் இருந்தால் போதும். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம்...

ஜன்னல் வழியாகப் பார்த்தார். முற்றத்தில் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. கார்மேகம் ஏறிக்கொண்டிருந்தான்.

*இன்னும் அது முகத்தைக்கூட நான் பாக்கல.*

அன்றைக்கு ஷட்டருக்கு உள்ளே நின்றபோது, கை நீட்டும் தூரத்தில்தான் இருந்தது அந்த போன் கார்டு. சித்தீக்குக்கு அது இப்போது ஞாபகம் வந்தது. வந்திருக்க வேண்டாம்!

"சார்... வண்டியை நிறுத்துங்க!"

கேப்டன் புருவத்தைத் தூக்கினார்.

"இவன் பொய் சொல்றான் சார். பட்டாயாவுல வெள்ளிக்கிழமை கடை மூடாது."

"தாய்லாந்துல முஸ்லிம்களே இல்லையா? அவங்க கடையா இருக்கும்."

"ஒரு கடை, ரெண்டு கடைன்னா சரி சார். தெருவே மூடியிருந்ததுங்கறான்!"

"உனக்கு யார் சொன்னது?"

"ஒரு... ஒரு கஸ்டமர்."

"அவனைக் கூட்டிட்டு வா."

கேப்டன் பேனாவை மூடினார்.

"எவனோ சொன்னான்னு நான் எழுத முடியாது சித்தீக். கண்ணால பாத்தவன் வேணும். பாஸ்போர்ட்டுல முத்திரையோட வேணும். இருக்கானா, இல்லையா?"

சித்தீக் சாகிரைப் பார்த்தார். சாகிர் தரையைப் பார்த்தான்.

"இருக்கான் சார்." சித்தீக் ஒரு அடி முன்னால் வந்தார். "உங்க முன்னாலதான் நிக்கிறான். பாஸ்போர்ட் கடையில இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்றேன்."

கேப்டன் பேனாவை மறுபடி திறந்தார்.

அரபியில் என்ன நடக்கிறது என்று விஜயபாஸ்கருக்கும் ஓரளவு புரிந்துவிட்டது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

"யோவ் பாய்! என்னய்யா சொல்லிக் குடுக்குற? மொழிபெயர்க்க வந்தியா, மாட்டிவிட வந்தியா?"

"உக்காரு தம்பி. பட்டாயாவுல பணம் மாத்துறவன் எத்தனை மணிக்குக் கடை சாத்துவான்?"

"அது... எனக்கென்ன தெரியும்? மூடியிருந்த மாதிரி ஞாபகம்! ஒரு கடையப் பாத்துட்டுச் சொல்லிருப்பேன். அதுக்காக? முத்திரை இருக்கு, போட்டோ இருக்கு!"

கேப்டன் ஆல்பத்தை மூடினார். ஒரு தடுமாற்றம்தான், ஆதாரமில்லை. அவர் முகத்தில் அது எழுதியிருந்தது.

சித்தீக்குக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. மானத்தைக் கொடுத்தாகிவிட்டது, வெறுங்கையோடு திரும்புவதா?

"சார், இந்தப் போட்டோவையெல்லாம் அந்த வெல்டர்கிட்ட காட்டினீங்களா?"

"எதுக்கு?"

"ஆறு வருஷம் இவன்கூட வேலை செஞ்சவன் சார். நமக்கெல்லாம் முகம்தான் தெரியும். கூட வேலை செஞ்சவனுக்கு ஆளே தெரியும்."

* * *

வண்டியிலிருந்து இறக்கிய கார்மேகம் சீறிக்கொண்டே வந்தான்.

"மறுபடியும் என்னய்யா? நிம்மதியா ஜெயிலுக்குக்கூட விட மாட்டீங்களா?"

"வாயை மூடிட்டு இதைப் பாரு!" சித்தீக் ஆல்பத்தை அவன் பக்கம் தள்ளினார். "பாத்துட்டுச் சொல்லு. இது யாரு?"

கார்மேகம் புரட்டினான். மலை. புத்தர். படகு.

"இவருதான். எங்க சின்ன மொதலாளி. நாங்க கருகிச் சாகுறோம், இவரு தொப்பி போட்டு..."

பாராசூட் படம் வந்தது.

கார்மேகத்தின் விரல் நின்றது.

படத்தைப் பார்த்தான். விஜயபாஸ்கரைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"பாய்... இது எவன் முதுகு?"

விஜயபாஸ்கரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது!

"ரெண்டு வருஷம் முந்தி ரேடியேட்டர் மூடியத் தொறந்துட்டு அந்தாண்ட திரும்புனாரு. கொதிக்கிற தண்ணி முதுகு பூராவும் அடிச்சுச்சு. ஒரு மாசம் மருந்து போட்டது நான். கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும் முதுகு வெந்து வழண்டு கெடக்கும். இது என்னா வழுவழுன்னு இருக்கு!"

சித்தீக் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே கேப்டன் எழுந்துவிட்டார்.

"சட்டையைக் கழட்டச் சொல்லு."

"சார்... இதெல்லாம் அநியாயம் சார்! எம்பஸிக்குப் போன் போடணும்..."

"யல்லா! கழட்டு!"

பொத்தான்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

கழுத்திலிருந்து இடுப்பு வரை, சுருங்கிய தோல்.

பாவம் விஜயபாஸ்கர்! ஒவ்வொரு படத்திலும் முகம் சரியாக இருக்கிறதா என்று பத்துத் தடவை பார்த்திருக்கிறான். எந்த மனிதனுக்குத் தன் முதுகு ஞாபகம் இருக்கிறது?

மீதியை அவனே கக்கினான்.

தம்பி சோலையப்பன். ஷார்ஜா முவைலாவில் தனி அறை. அண்ணனை அச்செடுத்த மாதிரி முகம். அண்ணனின் பாஸ்போர்ட்டில் தம்பி பட்டாயா போனான். தம்பியின் அறையில் அண்ணன் பதுங்கினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில், 'தனியாப் பேசணும்' என்று நாகலிங்கத்தைக் கராஜுக்கு வரச் சொன்னான். கையில் உறை மாட்டிக்கொண்டு கார்மேகத்தின் ஸ்பேனரை எடுத்தான்.

திருட்டு வண்டிகளுக்கு அவன் சேஸிஸ் நம்பரை மாற்றி அடித்துக்கொண்டிருந்தது நாகலிங்கத்துக்குத் தெரிந்துபோயிருந்தது. சனிக்கிழமை, கராஜின் லைசென்ஸ்தாரரான அரபி கஃபீலிடம் சொல்லப்போவதாக இருந்தார்.

"எல்லாம் சொல்லித்தானே அனுப்புனேன்..." விஜயபாஸ்கர் தலையில் அடித்துக்கொண்டான். "மத்தியானமும் நாலு போட்டோ எடுடான்னேன். படுபாவி, பீர் குடிச்சிட்டு ஓட்டல்ல தூங்கிட்டான்! அந்த நாலு மணி நேரத்தை மட்டும்தான் சார் நானா யோசிச்சுச் சொன்னேன்!"

ஒரு மணி நேரத்தில் முவைலாவில் சோலையப்பன் பிடிபட்டான். அறைச் சுவரில் ஒரு பீங்கான் தட்டு மாட்டியிருந்தது. பவளத் தீவுப் படகில் ஏறும்போது படம் பிடித்துத் தட்டில் ஒட்டி விற்பார்கள். தட்டில் தொப்பியில்லாமல், கண்ணாடியில்லாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான் சோலையப்பன்.

* * *

கடைக்குப் பிக்கப்பில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

சித்தீக்தான் முதலில் கேட்டார்.

"உன் ராத்தா ஜுலைஹாகிட்ட எப்ப சொல்லப்போற சாகிர்?"

சாகிர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினான்.

"சொல்ல முடியாது மச்சான்."

"ஏன்?"

"கடை மூடியிருந்துச்சுன்னு அவன் சொன்னப்போ, உங்களுக்கு முன்னாடி நிமிர்ந்து பாத்தது யாரு?"

சித்தீக் திடுக்கிட்டுத் திரும்பினார்!

"நீயுமா...?"

"ரெண்டு தடவை. எம் பொண்டாட்டி ஹஃபீஸாகிட்ட பஹ்ரைன்னு சொல்லிருக்கேன்." சாகிர் கியரை மாற்றினான். "ஆனா எனக்கு வாயைத் தொறக்க தைரியம் வரல மச்சான். நீங்க தொறந்துட்டீங்க."

* * *

அடுத்த வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு.

சித்தீக் ஷட்டரை இழுத்தார். நெளிந்த இடத்தில் அது வழக்கம்போல 'கிரீச்' என்று மாட்டிக்கொண்டது.

பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன.

"நன்றி சொல்லவெல்லாம் வரல பாய்" என்றது கார்மேகத்தின் குரல். "வெல்டிங் மிஷினு கொண்டாந்திருக்கேன். ஜும்ஆ முடிஞ்சு வந்தா நெளிசலை எடுத்து விடறேன்."

"நானும் மன்னிப்பெல்லாம் கேக்கல."

"ஒரு போன் கார்டு வேணும். நாளைக்கு ஃபிளைட்டு. வீட்டுக்குச் சொல்லணும்."

"ஜும்ஆ நேரம்ப்பா."

"பட்டாயாவுல இந்நேரம் தொறந்திருக்குமாம்ல பாய்?"

ஷட்டருக்கு உள்ளே ஏதோ உரசும் சத்தம் கேட்டது.

பிறகு ஷட்டருக்குக் கீழே ஒரு கை நீண்டது. அதில் ஒரு போன் கார்டு.

"பிடி! பொண்டாட்டிகிட்ட உண்மையைப் பேசுறவன் இந்த முசஃபாவுல நீ ஒருத்தனாவது இருந்துட்டுப் போ!"